பாடம் ஓரிடம், ஆசிரியர் ஓரிடம்

இந்தியாவில் கல்லூரியில் சேரும் மாணவர் வணிகவியல் படித்தாலும் கணினி அறிவியல் படித்தாலும் சுற்றுச்சூழல் என்றொரு தாளை எழுதித் தேறியாக வேண்டும். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் அது பகுதி நான்கில், இரண்டு கிரெடிட்டுடன் வந்துவிடுகிறது. அந்தத் தாளை நடத்துவதற்கென்று யாரையாவது நியமித்திருக்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை என்றுதான் பதில் வரும். எந்தத் துறை ஆசிரியருக்குப் பணிச்சுமை குறைகிறதோ அவர் தலையில் அது விழும்; அவரும் இல்லையென்றால் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நடத்துவார். இதே நாட்டில்தான் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்துவைத்து, 1988 முதல் அங்குள்ள மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அளந்து, தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வும் நடக்கிறது. உலகத் தரமான சூழல் ஆய்வும், பெயருக்கு நடக்கும் சூழல் வகுப்பும் ஒரே நாட்டில் ஒன்றையொன்று தொடாமல் எப்படி வளர்ந்தன? ஆய்வாளருக்குப் பணியிடம் கிடைத்த இடத்தில் இளங்கலை மாணவர் இல்லை. மாணவர் நிறைந்திருந்த இடத்தில் பணியிடமே உருவாக்கப்படவில்லை. பல்கலைக்கழகங்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறையின் வரலாற்றில்தான் இந்தப் பிளவுக்குக் காரணம் இருக்கிறது என்பது என் வாதம்.

பல்கலைக்கழக நாற்காலி துறையின் சொத்து. தாவரவியல் துறைக்கு ஒரு இடம், பொருளியல் துறைக்கு ஒரு இடம் என்றுதான் பணம் ஒதுக்கப்படும். அந்தந்தத் துறையின் மூத்தவர்களே தேர்வுக் குழுவில் உட்காருவார்கள். ஒரு ஆறு கெட்டுப்போவதைப் படிக்க விரும்புகிறவருக்கோ வேதியியலும் நிலத்தடி நீரியலும் வேண்டும். வேளாண் பொருளியலும் சட்டமும் அந்தக் கரையில் வாழும் மக்களின் சாதி வரலாறும் வேண்டும். இவற்றில் எந்தத் துறைக் குழுவின் முன் போய் நின்றாலும் அவர் பாதி ஆளாகத்தான் தெரிவார். இந்தச் சிக்கல் சுற்றுச்சூழல் என்ற சொல் பிரபலமாவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

பாட்ரிக் கெடிஸ் 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1888இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. தாவரத்தோடு நகரத்தையும் தொழிலையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் அந்தக் குழுவுக்குத் தாவரவியலாளராகத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அதே ஆண்டில் மார்ட்டின் வைட் என்ற செல்வந்தர், டண்டீயில் கெடிஸுக்காகவே ஒரு தாவரவியல் நாற்காலிக்குக் கொடை கொடுத்தார். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்பது ஏற்பாடு. மீதி மாதங்களில் கெடிஸ் எடின்பரோவின் பழைய குடியிருப்புகளைச் சீரமைத்தார், கண்காட்சிகள் நடத்தினார், நகரங்களைச் சுற்றினார். 1914இல் இந்தியாவுக்குக் கிளம்பினார். அவருடைய நகர்க் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் அந்தக் கண்காட்சியை நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் உட்பட சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். நெரிசலைக் குறைக்கிறோம் என்று தெருக்களை இடித்து நேர்கோடு போட நினைத்த பொறியாளர்களுக்கு எதிராக, வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டே காற்றும் வெளிச்சமும் வரவழைக்கலாம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். மலேரியாவுக்குப் பயந்து ஊர்க் குளங்களைத் தூர்க்க வேண்டாம், மீனையும் வாத்தையும் விட்டால் கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்று வாதாடினார். தாவரவியலாளரின் கண்ணும் நகர அமைப்பாளரின் கையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் வந்த யோசனை இது. தூர்த்த குளங்களின் மேல் பேருந்து நிலையங்களையும் அலுவலகங்களையும் கட்டிவிட்டு மழைக்கு மழை தண்ணீரில் நிற்கும் நம் ஊர்கள் அந்த யோசனையை எவ்வளவு தாமதமாக மதிக்கத் தொடங்கியிருக்கின்றன!

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் கெடிஸை அழைத்து, சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் பேராசிரியராக்கியது. இந்தியாவில் சமூகவியல் துறை ஒரு தாவரவியலாளரின் கையில் தொடங்கியது. அவர் 1924இல் கிளம்பிப் போன பிறகு துறை ஜி. எஸ். குர்யேவிடம் வந்தது. குர்யே பெரிய அறிஞர். சாதி, குலம், பண்பாடு ஆகியவற்றைப் பற்றிய இந்தியச் சமூகவியல் அவரால்தான் நிலைபெற்றது. ஆனால் ஊரையும் ஆற்றையும் வேலையையும் ஒரே பார்வையில் வைத்த கெடிஸின் இழை அங்கே தொடரவில்லை. லக்னோவில் ராதாகமல் முகர்ஜி தன் பாணியில் அந்தச் சிந்தனையை எடுத்துச் சென்றார். அதுவும் ஒரு தனிமனிதரின் முயற்சியாகவே நின்றது. டண்டீயும் பம்பாயும் ஒரு மனிதருக்காகச் செய்த ஏற்பாடுகள். மனிதர் போனதும் ஏற்பாடும் போயிற்று. கேள்விக்கென ஒரு நாற்காலி அங்கே இருந்திருந்தால், அதில் அடுத்து உட்காருபவரும் அதே கேள்வியைக் கையில் எடுத்தாக வேண்டியிருந்திருக்கும்.

அப்படி ஒரு நாற்காலி 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆல்டோ லியோபோல்ட் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முதுகலை முடித்து, பல ஆண்டுகள் வனத்துறையில் வேலை பார்த்தவர். முனைவர் பட்டம் இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் பிழைப்புக்கு வழியில்லாமல் இருந்த நேரத்தில், விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளை ஆண்டுக்கு 8,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குக் கொடுக்க முன்வந்தது. வைட்டமின் டி தொடர்பான காப்புரிமையிலிருந்து அந்த அறக்கட்டளைக்கு வந்த பணம் அது. காட்டு உயிர்களைப் பேணும் கலைக்கு ஒரு பேராசிரியர் என்று பதவிக்குப் பெயர் வைத்தார்கள். எந்தத் துறையில் உட்காரவைப்பது? விலங்கியலில் இல்லை, வனவியலில் இல்லை. வேளாண் பொருளியல் துறையில் இடம் கொடுத்தார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் அது சரியான முடிவு. மண் அரித்துப்போன பண்ணைகளும் அவற்றை வைத்துக்கொண்டு தவித்த விவசாயிகளும்தான் அப்போது அங்கே காட்டுயிரின் தலைவிதியைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாண்டுப் பணம் தீர்ந்ததும் பல்கலைக்கழகம் பதவியைக் கைவிடவில்லை. 1939இல் அது தனித் துறையாயிற்று. லியோபோல்ட் அங்கே ஆய்வு மாணவர்களை வழிநடத்தினார், விவசாயிகளுக்கு வானொலியில் பேசினார். அந்தத் துறையில் சேராத சாதாரண மாணவர்களுக்கும் காட்டுயிர்ச் சூழலியல் பாடம் நடத்தினார். கடைசியாகச் சொன்னது முக்கியம்: ஆய்வு செய்தவரேதான் பொது மாணவருக்கும் ஆசிரியர். இந்தியாவில் நடக்காமல் போனது அதுதான்.

இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1967இல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்று ஒரு முழுப் புலத்தையே தொடங்கியது. முதல் தலைவர் கீத் கிளேட்டன், நிலவடிவவியல் அறிஞர். கடல்தளம் விரிவதை விளக்கிய புவியியற்பியலாளர் ஃபிரெட் வைன் அங்கே வந்தார். வானிலைத் துறையில் பணியாற்றிய ஹூபர்ட் லேம்ப், பழைய கப்பல் குறிப்புகளையும் ஊர் ஏடுகளையும் துருவிக் கடந்த கால வானிலையைத் திரட்டியவர். அவரை அழைத்து 1972இல் காலநிலை ஆய்வுப் பிரிவை அமைத்தார்கள். சூழல் கொள்கையைப் படித்த டிம் ஓ'ரியோர்டனும் சேர்ந்தார். அமெரிக்காவின் பெர்க்லியில் 1973இல் எரிசக்தி, வள ஆதாரங்கள் பற்றிய குழு தொடங்கியபோது முதல் ஆசிரியராக வந்த ஜான் ஹோல்ட்ரன் பிளாஸ்மா இயற்பியலில் பயிற்சி பெற்றவர். விஸ்கான்சின் 1998இல் இன்னொரு படி முன்னே போனது. ஒரு கேள்வியைச் சுற்றிப் பல துறை ஆட்களை ஒரே அறிவிப்பில் கூட்டாக நியமிக்கும் முறையைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 50 குழுக்களில் 140 பேர் வரை நியமித்தது.

இந்த முறைகள் சிக்கலே இல்லாமல் ஓடின என்று சொல்ல மாட்டேன். இரண்டு துறைகளில் பாதிப் பாதியாக நியமிக்கப்பட்டவர்களிடம் இரண்டு துறைகளும் முழு வேலையை எதிர்பார்த்தன. பணி நிரந்தரத்துக்கான பரிசீலனை வரும்போது இரு பக்கமும் அவர்களை அந்நியர்களாகப் பார்த்தன. ஆய்வு நிதியிலும் பாரபட்சம் இருந்தது. ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுமத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, துறைகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டியது. இருந்தும் இந்த இடங்களிலெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. பதவி முதலில் உருவானது, அல்லது பாடத்தோடு கூடவே உருவானது. பாடம் நடத்தியவர்கள் அந்தக் கேள்விக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

இந்தியாவுக்கு வருவோம். நம் பல்கலைக்கழகங்களில் சூழலியல் தாவரவியல் துறையின் மடியில் வளர்ந்தது. லீட்ஸில் 1937இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராம்தேவ் மிஸ்ரா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மரபு ஆழமானது. ஆனால் அங்கே படித்தவர் தாவரவியலாளராகவே வேலைக்குப் போக முடியும். ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாடு நடந்த 1972ஆம் ஆண்டில் இந்திய அரசு சுற்றுச்சூழல் திட்டமிடலுக்கு ஒரு தேசியக் குழுவை அமைத்தது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்களில் தனி இடம் பற்றிய பேச்சு வலுத்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1970களில் சுற்றுச்சூழல் அறிவியல் புலம் தொடங்கியது. அதுவும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் மட்டும். ஹார்வர்டில் கணிதச் சூழலியலில் முனைவர் பட்டம் பெற்ற மாதவ் காட்கில் 1973இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். சதீஷ் தவான் இயக்குநராக இருந்த காலம் அது. சூழலியலுக்கு அங்கே துறை கிடையாது. கோட்பாட்டு ஆய்வுகளுக்கான மையம் என்ற, எல்லை வகுக்காத ஓர் இடத்தில்தான் அவரும் பருவமழையை ஆராய்ந்த சுலோசனா காட்கிலும் உட்கார்ந்தார்கள். பத்தாண்டு கழித்து 1983இல் சூழலியல் அறிவியல் மையம் பிறந்தது. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய ராகவேந்திர கதக்கர் அங்கே குளவிகளின் சமூகத்தைப் படித்தார். காட்கிலிடம் யானைகளை ஆய்ந்து பட்டம் பெற்ற ஆர். சுகுமார், முதுமலை ஆய்வுக் களத்தை நிறுவினார். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் விலங்கியல் துறைத் தேர்வுக் குழு கதக்கரின் விண்ணப்பத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிப்பது கடினம் அல்ல.

தமிழ்நாட்டிலும் இதே கதை. மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல்கலைக்கழகத் துறைச் சுவர்கள் இல்லை. பொருளியலாளர் எஸ். ஜனகராஜன் அங்கே இருந்துகொண்டு நிலத்தடி நீர்ச் சந்தையையும் பாலாறு, நொய்யல் மாசையும் படித்தார். 2003இல் இரு மாநிலக் காவிரி விவசாயிகளை நேருக்கு நேர் உட்காரவைத்த காவிரிக் குடும்பம் என்ற முயற்சியிலும் முன்னின்றார். மெட்ராஸ் பொருளியல் பள்ளி சுற்றுச்சூழல் பொருளியலுக்கான மையமாக வளர்ந்தது. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையம் 1990இல் வந்தது. டெல்லியில் அனில் அகர்வால் 1980இல் நிறுவிய அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பல்கலைக்கழகமே அல்ல. 1982இல் அது வெளியிட்ட இந்தியச் சுற்றுச்சூழலின் நிலை பற்றிய அறிக்கை ஒரு தலைமுறையையே படிக்கவைத்தது. இவை அத்தனையும் கல்லூரி வகுப்பறைக்கு வெளியே. இந்திய அறிவியல் கழகத்துக்கு இளங்கலை மாணவர்கள் வந்ததே 2011இல்தான். நாட்டின் சிறந்த சூழல் ஆய்வாளர்களை 18 வயது மாணவர் எதிர்கொள்ளவே வழியில்லாமல் நியமன முறை அவர்களை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் நீதிமன்றம் உள்ளே வந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு, உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடு காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் வைக்க வேண்டும் என்றது. கல்லூரிகளில் கட்டாயமாக்குவதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பரிசீலிக்கட்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு, 2003இல் நீதிமன்றம் மறுபடி அழுத்தியது. யுஜிசி எல்லா இளங்கலை மாணவருக்குமான ஆறு மாதப் பாடத்தை வகுத்தது: எட்டு அலகுகள், 50 பாடவேளைகள், அதில் கள வேலைக்கு ஐந்து, 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 களப்பணி. பாடநூலை எழுதியவர் புனேயைச் சேர்ந்த எராக் பரூச்சா. அவர் தொழிலால் அறுவை மருத்துவர், ஈடுபாட்டால் காட்டுயிர் அறிஞர். துறைப் பட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரும் அந்த வேலைக்குத் தேறியிருக்க மாட்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல நூல், ஆனால் நூல் ஆசிரியருக்கு மாற்றாகாது. நீதிமன்றத்தின் உத்தரவு பாடத்தைப் பற்றிப் பேசியது, பணியிடத்தைப் பற்றிப் பேசவில்லை. லட்சக்கணக்கான மாணவருக்கு ஒரே ஆணையில் ஒரு பாடம் வந்தது. அதை நடத்தப் புதிய பணியிடங்கள் வரவில்லை. கள வேலைக்கான 25 மதிப்பெண், பல கல்லூரிகளில் அட்டைப்படம் ஒட்டிய ஒப்படைப்புக்குப் போடும் மதிப்பெண்ணாகச் சுருங்கியது. அதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்வது அநியாயம். தன் துறையில் பதினாறு மணி நேரப் பாடவேளை வைத்திருப்பவரிடம் படிக்காத பாடத்தைக் கொடுத்து ஆற்றங்கரைக்கு மாணவரை அழைத்துப்போ என்றால் அவர் என்ன செய்வார்?

பணியிடம் இருந்த இடங்களிலும் விதிகள் குறுக்கே நின்றன. ஒரு பாடத்தில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு முதுகலை, அதே பாடத்திலோ அதை ஒட்டிய பாடத்திலோ நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது முனைவர் பட்டம் என்பது தகுதி. எது ஒட்டிய பாடம் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும்; வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் தீர்மானம் எப்போதும் குறுகலான பக்கமே சாயும். நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று தனிப் பாடம் உண்டு. அது அந்தப் பட்டம் பெற்றவர்களுக்கு வாசல் திறந்தது, நீர் வரலாற்றைப் படித்தவருக்கும் சூழல் சட்டம் படித்தவருக்கும் மூடியே இருந்தது. 2010 விதிமுறைகள் கொண்டுவந்த புள்ளி முறையில், பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் புள்ளிகளில் 60 விழுக்காட்டை முதன்மை ஆசிரியரும் பொறுப்பாசிரியரும் பிரித்துக்கொண்டார்கள். மீதி 40 மற்ற எல்லாருக்கும். நீரியலாளரும் மருத்துவரும் மானிடவியலாளரும் ஐந்தாண்டு சேர்ந்து உழைத்து ஒரு கட்டுரை எழுதினால், தனியே உட்கார்ந்து சிறு கட்டுரை எழுதியவரைவிட அவர்களில் பலருக்குப் புள்ளி குறைந்தது. கூட்டு உழைப்பைக் கேட்கும் ஒரு துறையில் கூட்டு உழைப்புக்கே தண்டம் விதித்தது அந்தக் கணக்கு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் சில வலுவானவை. முதலாவது, ஒரு துறையில் ஆழம் இல்லாதவர் எதிலும் ஆழம் இல்லாதவர் என்பது. உண்மைதான், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவரை நியமித்தால் எட்டு அலகுப் பாடத்திட்டத்தைப் போன்ற ஆசிரியர்தான் கிடைப்பார். ஆனால் மேலே சொன்ன வரலாறு அப்படிப்பட்டவர்களின் வரலாறா? லேம்ப் வானிலையில் ஊறியவர். ஹோல்ட்ரன் இயற்பியலில், கதக்கர் மூலக்கூறு உயிரியலில் கடும் பயிற்சி பெற்றவர்கள். ஆழத்தோடு வந்தவர்கள் அவர்கள், அந்த ஆழத்தை வேறொரு கேள்விக்குத் திருப்ப இடம் கேட்டவர்கள். எதில் முனைவர் பட்டம் என்று கேட்கும் குழுவுக்கு, எந்தக் கேள்விக்கு என்ன செய்திருக்கிறாய் என்று கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இங்கே வைக்கும் கோரிக்கை.

இரண்டாவது வாதம் அனுபவத்திலிருந்து வருவது. நம் நாட்டில் தேர்வுக் குழுவுக்குச் சுதந்திரம் கொடுத்தால் அது சிபாரிசுக்கும் பணத்துக்கும் கதவு திறப்பதாகும். கறாரான தகுதி விதிகளும் புள்ளிக் கணக்கும் அந்தப் பயத்தில்தான் வந்தன என்பார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் கறார்த்தன்மை துறைப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கேள்விக்கு ஆள் தேவை, எதை எதைப் பார்த்து மதிப்பிடுவோம் என்பதை அறிவிப்பிலேயே எழுதலாம். குழுவில் மூன்று நான்கு துறைகளின் வெளி வல்லுநர்களை வைக்கலாம். விண்ணப்பித்தவர் மாணவர்கள் முன்னிலையில் வகுப்பெடுத்துக் காட்டலாம், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் வெளியிடலாம். நுழைவுத் தகுதியைக் குறுக்கிவிட்டு நேர்முகத்தை மூடிய அறையில் நடத்தும் இன்றைய முறையைவிட இதில் முறைகேடு செய்வது கடினம்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது: இடஒதுக்கீடு. துறைக்கு ஒன்றும் இரண்டுமாக இடங்களைச் சிதறடித்தால் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலில் (ரோஸ்டர்) ஒதுக்கப்பட்ட பிரிவினரின் முறை வந்து சேரவே சேராது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையையே அலகாகக் கொள்ளச் சொன்னது. 2018 மார்ச்சில் யுஜிசி அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, 2019இல் அவசரச் சட்டமும் பிறகு நாடாளுமன்றச் சட்டமும் வந்து, மத்திய நிறுவனங்களில் முழு நிறுவனமே அலகு என்று ஆனது. பல்துறைப் பணியிடம் என்ற பெயரில் மறுபடி ஒற்றை இடங்கள் முளைத்தால் பழைய அநீதி புதுச் சட்டை போட்டு வரும் என்று அஞ்சுகிறவர்கள் சரியாகவே அஞ்சுகிறார்கள். அதனால்தான் தனி இடங்களாக இல்லாமல் கூட்டாக, ஒரே அறிவிப்பில் எட்டு பத்து இடங்களாக நியமிக்க வேண்டும் என்கிறேன். அப்போது தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டை முழுமையாக நிறைவேற்ற முடியும். இன்னொன்றும் உண்டு. தோல் பதனிடும் குழிகளில் நின்று வேலை பார்த்த தலித் குடும்பங்களிலிருந்தும் எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த குடும்பங்களிலிருந்தும் படித்து வந்தவர்களிடம் இந்தத் துறைக்கு அவசியமான அறிவு இருக்கிறது. அவர்களுக்கு இடம் தராத சூழல் கல்வி பாதிக் கண்ணோடு பார்க்கும் கல்வி.

பணியிடம் இல்லாமையின் விலை என்ன என்பதற்குப் பாலாறே சாட்சி. தோல் பதனிடும் ஆலைக் கழிவு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதன்படி சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. எந்தக் கிணறு எவ்வளவு கெட்டது, எந்த நிலம் எத்தனை ஆண்டு விளையவில்லை, யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதைச் சொல்ல வேதியியலும் நீரியலும் வேளாண் பொருளியலும் சட்டமும் ஒரே மேசைக்கு வர வேண்டியிருந்தது. நொய்யலுக்கும் அதே தேவை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அங்கே நிலைமை முற்றியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பெழுதி, ஒரு குழுவை அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள். ஆற்றுக்கு அருகிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த நாலைந்து அறிவுகளையும் சேர்த்து வைத்திருக்கும் நிரந்தர ஆசிரியர் குழு இருந்திருந்தால், நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குழு தேட வேண்டியிருந்திருக்காது.

சில வாசல்கள் இப்போது திறக்கின்றன. 2022இல் யுஜிசி கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டம், 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை முறையான பட்டத் தகுதி இல்லாமலே அழைக்க அனுமதிக்கிறது. லியோபோல்ட் போன்ற ஒருவர் இன்று அப்படித்தான் உள்ளே வர முடியும். ஆனால் அது அதிகபட்சம் நான்காண்டு. அதன் பிறகு துறையாக வளர வழியில்லை. 2023இல் சுற்றுச்சூழல் கல்விக்கான யுஜிசி பாடத்திட்டம் நான்கு கிரெடிட்டாக விரிந்தது. பாடம் பெருகிய அளவுக்கு இம்முறையும் பணியிடம் பெருகவில்லை. 2025 ஜனவரி 6 அன்று வந்த யுஜிசி வரைவு விதிமுறைகளில், முதுகலை எந்தப் பாடத்தில் இருந்தாலும் நெட் அல்லது முனைவர் பட்டம் பெற்ற பாடத்தில் ஆசிரியராகலாம் என்ற பிரிவு இருந்தது. அது நல்ல பிரிவு. அதே வரைவு துணைவேந்தர் நியமனத்தில் மாநிலங்களின் உரிமையைப் பறித்ததால் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்றே நாளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எதிர்த்தது நியாயம். அதற்காக நல்ல பிரிவையும் சேர்த்துப் புதைத்துவிட வேண்டியதில்லை. மாநில அரசு தன் பல்கலைக்கழகங்களில் அதைத் தானே கொண்டுவரலாம்.

தமிழ்நாடு அரசிடம் கேட்பது இதுதான். துறைகளில் காலியாகக் கிடக்கும் இடங்களை அந்தந்தத் துறைக்கே நிரப்புவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் ஒரு கூட்டுப் பணியிடத் தொகுதியை உருவாக்குங்கள். பாலாற்றுக்கு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும், நொய்யலுக்குக் கோவை பாரதியாரிலும், காவிரிப் படுகைக்குத் திருச்சி பாரதிதாசனிலும், தாமிரபரணிக்கு நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலும், எண்ணூருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் எட்டு பத்து நிரந்தர இடங்களை, முழு இடஒதுக்கீட்டோடு, ஒரே அறிவிப்பில் வெளியிடுங்கள். நியமிக்கப்படுகிறவர்கள் சுற்றியுள்ள அரசுக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் தாளைத் தாங்களே நடத்த வேண்டும் என்பதைப் பணி நிபந்தனையாக எழுதுங்கள்.